ஓர் ஐரிஷ் ஜிக்கின் மூலத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஃபிடிலில் (வயலினில்) ஒரு ஜிக், அதாவது ஐரிஷ் நடன மெட்டு வகைகளில் ஒன்று, கைக்குப் பழகிய பிறகு, 'இதை யார் போட்டது, எப்போது?' என்று தேடக் கிளம்புகிறவர்களுக்காக எழுதியது இது. புதியவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். பெயரைத் தேடுபெட்டியில் தட்டுவார்கள், கிடைத்ததில் மிகப் பழைய ஆண்டை மெட்டு பிறந்த ஆண்டு என்று எழுதிவிடுவார்கள். அது யாரோ ஒருவர் அச்சடித்த ஆண்டு, அவ்வளவுதான். பல சமயம் அது வேறொரு மெட்டின் ஆண்டாகவே இருக்கும்.

எனவே இரண்டு கேள்விகளைக் கடைசிவரை தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த மெட்டை ஒருவர் யாரிடமிருந்து பெற்றார் என்பது ஒன்று. இதை முதலில் இயற்றியவர் யார் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைக்கும். இரண்டாவதற்குக் கிடைப்பது அபூர்வம். முதலாவதை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் இரண்டும் கெடும்.

உதாரணத்துக்கு 'மாரிசன்ஸ் ஜிக்'கை எடுத்துக்கொள்கிறேன். ஐரிஷ் செஷன்களில் (இசைக்காரர்கள் கூடி வாசிக்கும் இடங்களில்) புதியவர்கள் முதலில் கற்கும் ஜிக்குகளில் ஒன்று. பெயரே ஆளைத் தவறாகக் காட்டும் என்பதால் பயிற்சிக்கு நல்லது.

தொடங்கும் முன் வேண்டியவை

யார், எங்கே, எப்போது வாசித்தது என்று தெரிந்த ஒரு ஒலிப்பதிவு முதல் தேவை. வலைதளத்தில் கிடக்கும் பெயரில்லாத இசைக்குறிப்பு போதாது. அது எதிலிருந்து நகலானது என்று தெரியாதவரை அதற்குச் சாட்சி மதிப்பு இல்லை.

அடுத்து, ஏபிசி குறிமுறையை ஓரளவு படிக்கத் தெரிய வேண்டும். சுரங்களை ஆங்கில எழுத்துகளால் எழுதும் எளிய முறை அது. ஐரிஷ் மெட்டுகளுக்கான இணையத் தொகுப்புகளில் பெரும்பாலானவை அதில்தான் இருக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும்.

அப்புறம் ஒரு அட்டவணை. ஆண்டு, ஆள், இடம், அங்கே மெட்டுக்கு இருந்த பெயர், எனக்கு அது எப்படிக் கிடைத்தது என ஐந்து பத்திகள். ஐந்தாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழைய நூலை நீங்களே பார்த்தீர்களா, பார்த்ததாக ஒருவர் சொன்னதைப் படித்தீர்களா என்பது அங்கேதான் தெரியும்.

1. மெட்டின் எலும்பை எழுதுங்கள்

பெயரைத் தொடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். பெயர் மாறும், அலங்காரம் மாறும், சுருதி மாறும். அழுத்தம் விழும் சுரங்கள்தான் அதிகம் மாறாமல் நிற்கும்.

முதலில் தாளத்தை உறுதிசெய்யுங்கள். டபுள் ஜிக் என்றால் 6/8: ஒரு அளவில் (bar) மும்மூன்று சுரங்களாக இரண்டு கொத்து. ஸ்லிப் ஜிக் 9/8, மூன்று கொத்து. அயர்லாந்தின் தென்மேற்கில் கெர்ரி, கார்க் மாவட்டங்களின் எல்லைப்பகுதியில் வாசிக்கும் ஸ்லைட் என்ற ஜிக் வகையைச் சிலர் 12/8 என்றும் சிலர் 6/8 என்றும் எழுதுவார்கள். அதனால் ஒரே மெட்டு ஒரு நூலில் நான்கு அளவாகவும் இன்னொன்றில் எட்டு அளவாகவும் நிற்கும். அளவை எண்ணிப் பார்த்து 'இது வேறு' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி ஒவ்வொரு கொத்தின் முதல் சுரத்தை மட்டும் எடுத்து, ஆதார சுரத்தை 1 எனக் கொண்டு எண்ணாக எழுதுங்கள். மாரிசன்ஸ் ஜிக்கின் ஆதார சுரம் ஈ, அமைப்பு டோரியன் (மைனரை ஒத்த சுர அமைப்பு). முதல் நான்கு அளவுகள் இப்படி வரும்: 1 5, 1 4, 1 5, 7 4. இரண்டாம் பகுதியின் தொடக்கம்: 5 2, 4 2, 5 2, 4 2. எந்தச் சுருதியில் வாசித்தாலும் இந்த வரிசை நகராது. ஃபிடில்காரர் ஈ-யிலும் பைப்பர் (பைக்குழல் வாசிப்பவர்) வேறொன்றிலும் வாசித்திருந்தால் ஏபிசி எழுத்துகள் பொருந்தாது, எண்கள் பொருந்தும். எண்ணாக எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

இரண்டு பகுதிகளையும் தனித்தனிச் சீட்டில் எழுதி வைப்பது நல்லது. ஒரு ஜிக்கின் முதல் பகுதி ஓரிடத்திலிருந்தும் இரண்டாம் பகுதி வேறிடத்திலிருந்தும் வந்து ஒட்டிக்கொள்வது சாதாரணமாக நடக்கும். பகுதிகள் வரிசை மாறுவதும் உண்டு.

2. உங்கள் கையிலிருந்து பின்னோக்கி நடங்கள்

18-ஆம் நூற்றாண்டுக்கு உடனே பறக்க வேண்டாம். நீங்கள் யாரிடம் கற்றீர்கள், அவர் எந்தப் பதிவிலிருந்து எடுத்தார், அந்தக் கலைஞர் யாரைக் கேட்டார் என்று ஒவ்வொரு படியாக இறங்குங்கள். பழைய இசைத்தொகுப்புகளின் உறைக்குறிப்புகளில் 'இன்னாரிடமிருந்து' என்று ஒரு வரியாவது பெரும்பாலும் இருக்கும். ஐரிஷ் வாசிப்பாளர்கள் இதைச் சொல்வதில் கண்ணும் கருத்துமாக இருப்பவர்கள்.

மாரிசன்ஸ் ஜிக்கில் இந்த நடை 1936-இல் வந்து நிற்கும். அயர்லாந்தின் வடமேற்கிலுள்ள ஸ்லைகோவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஃபிடில் கலைஞர் ஜேம்ஸ் மாரிசன் அந்த ஆண்டு அதை இசைத்தட்டில் பதிவுசெய்தார். ஆனால் தட்டில் 'மாரிசன்' என்ற தலைப்பு இல்லை. 'மாரிஸ் கார்மடியின் விருப்பமெட்டு' என்று இருந்தது. இசைக்காரர்களிடையே வழங்கும் செய்தி இது: மாரிசன் இதைக் கெர்ரியைச் சேர்ந்த அக்கார்டியன்காரர் டாம் கார்மடியிடம் கற்றார், டாம் தன் தந்தை மாரிஸிடம் கற்றார், அவர்களிடம் இதற்கு 'அடுப்பு மேடையில் கிடக்கும் குச்சி' என்ற பொருளில் வேறு பெயர் இருந்தது.

ஆக, பெயரில் இருப்பவர் இயற்றியவர் அல்ல, பரப்பியவர். ஸ்லைகோ மெட்டு என்று பலர் நினைப்பது கெர்ரியிலிருந்து வந்தது. இரண்டு படி இறங்கியதிலேயே இவ்வளவு தெரிந்துவிட்டது. அட்டவணையில் 1936 தட்டை ஆவணம் என்றும், கார்மடி குடும்பச் செய்தியை வாய்மொழி என்றும் குறியுங்கள். இரண்டுக்கும் ஒரே எடை கிடையாது.

3. பெயர்களைச் சேருங்கள், நம்பாதீர்கள்

ஒரே மெட்டுக்குப் பத்துப் பெயர் இருக்கும், ஒரே பெயரில் பத்து மெட்டு இருக்கும். கிடைக்கும் எல்லாப் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது முதலில் தென்படும் ஆண்டைப் போடுங்கள்.

பெயருக்கும் வயது உண்டு. 1936-க்கு முந்தைய நூலில் 'மாரிசன்ஸ் ஜிக்' என்று தேடுவதில் பொருளே இல்லை. அப்போது அந்தப் பெயர் பிறந்திருக்கவில்லை. அப்படியே ஒரு 'மாரிசன்' கிடைத்தாலும் அது வேறு மெட்டு, வேறு ஆள்.

ஆள் பெயர் தாங்கிய ஜிக் என்றால் மூன்று வாய்ப்புகளையும் சோதியுங்கள்: இயற்றியவரா, வாசித்துப் பரப்பியவரா, தொகுப்பாளருக்குக் கொடுத்தவரா? 'ஜாக்சன்' என்று தொடங்கும் பல ஜிக்குகள் 18-ஆம் நூற்றாண்டு லிமெரிக் பைப்பர் ஜாக்சனைச் சுட்டுகின்றன. அவற்றில் சில அவரே இயற்றியவையாக இருக்கலாம். ஆனால் அவர் புகழ் பெற்ற பிறகு அவர் பெயரைத் தாங்கிய மெட்டெல்லாம் அவருடையது ஆகிவிடாது.

இன்னொரு பொறி, ஐரிஷ் மொழித் தலைப்பு. அது இருந்தால் மெட்டு மிகப் பழையது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். 1903 ஓ'நீல் தொகுப்பில் (படி 6-இல் வருகிறது) காணும் ஐரிஷ் தலைப்புகளில் பல, ஆங்கிலத் தலைப்பை வைத்து மொழிபெயர்த்தவை. வயதுக்கு அவை சாட்சி ஆகா.

4. சுரத்தை வைத்துத் தேடுங்கள்

இப்போது இணையத்துக்குப் போகலாம். 'தி செஷன்' தளத்தில் ஒரு மெட்டின் பல பாடங்களும் (வாசிப்பு வடிவங்களும்) மாற்றுப் பெயர்களும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். 'ட்ரெடிஷனல் டியூன் ஆர்க்கைவ்' மெட்டின் வரலாற்றுக் குறிப்புகளில் வலுவானது. 'டியூன்பால்' செயலி நீங்கள் வாசிப்பதைக் கேட்டே பொருத்தம் தேடும்.

முதல் இரண்டு அளவுகளைக் கொண்டு தேடி, வந்ததையெல்லாம் எலும்பு வரிசையோடு ஒப்பிடுங்கள். பிறகு இரண்டாம் பகுதியை மட்டும் வைத்துத் தனியாக ஒரு தேடல். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பாதி உறவுகள் கண்ணில் படாமல் போகின்றன. மைனர், டோரியன் வகைப்பாட்டை வடிகட்டியாகப் போடாதீர்கள். ஒருவர் ஈ மைனர் என்று பதிந்ததை மற்றவர் ஈ டோரியன் என்று பதிந்திருப்பார்.

நூறு தளங்களில் ஒரே பாடம் இருந்தால் நூறு சாட்சி இருப்பதாகத் தோன்றும். பெரும்பாலும் எல்லாம் ஓ'நீல் நூலின் ஒரே பக்கத்திலிருந்து நகலானவை. ஒரே எழுத்துப்பிழை எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஒற்றைச் சாட்சி.

5. இசைத்தட்டுகளைச் சரிபாருங்கள்

1920-களிலும் 30-களிலும் நியூயார்க்கில் பதிவான, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள், மைக்கேல் கோல்மன், மாரிசன், பேடி கிலாரன் ஆகிய ஃபிடில் கலைஞர்களுடையவை, அயர்லாந்துக்குத் திரும்பிப் போய் உள்ளூர்ப் பாடங்களையே மாற்றிவிட்டன. அதனால் கிளேர் கிராமத்தில் 1950-இல் பதிவான வாசிப்பு ஒன்று கோல்மன் தட்டோடு திருப்பத்துக்குத் திருப்பம் ஒத்துப்போனால், அதைத் தனிச் சாட்சியாக எண்ணக் கூடாது. அங்கே வாசித்தவர் அந்தத் தட்டைக் கேட்டுக் கற்றிருக்க வாய்ப்பு அதிகம்.

தட்டின் தேதியை உறைக்குறிப்பிலிருந்து எடுக்காதீர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் அமெரிக்கப் பழைய பதிவுகளின் அட்டவணை ஒன்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் மேட்ரிக்ஸ் எண்ணைக் கொண்டு (ஒவ்வொரு பதிவுக்கும் தட்டில் பொறித்த எண்) தேடுங்கள். ஒரே பதிவு மறுவெளியீட்டில் வேறு விற்பனை எண்ணோடு வரும், ஆனால் மேட்ரிக்ஸ் எண் அந்த ஒரு பதிவுக்கே உரியது.

லேபிளில் உள்ள தலைப்பையும் காதால் சோதிக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குள் இரண்டு மெட்டுகளைக் கோத்து வாசித்திருப்பார்கள். லேபிளில் ஒன்றின் பெயர் மட்டும் இருக்கும், அல்லது வரிசை மாறியிருக்கும். சுருதியும் உண்மையைச் சொல்லாது. எல்லாத் தட்டும் சரியாக 78 சுற்றில் பதிவானதல்ல. ஃபிடிலை ஏற்றிக் கட்டி வாசித்தவர்களும் உண்டு.

6. அச்சு நூல்களில் பின்னோக்கி இறங்குங்கள்

வரிசை முக்கியம். புதியதிலிருந்து பழையதற்குப் போனால், ஒவ்வொரு தொகுப்பாளரும் தமக்கு முந்தையதைப் பற்றி எழுதிய குறிப்பு உங்களுக்கு வழி காட்டும். எதிர்த் திசையில் போனால் அந்த உதவி கிடைக்காது.

முதலில் பிரெண்டான் பிரெத்னாக் தொகுத்த ஐரிஷ் நடன இசை நூல்வரிசை. முதல் தொகுதி 1963-இல் வந்தது, 214 மெட்டுகள். குறிப்புகள் ஐரிஷ் மொழியில் இருக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள். யாரிடமிருந்து எடுத்தது, வேறு பெயர்கள் என்ன, முன்பு எங்கே அச்சானது என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. ஆள் பெயரும் ஆண்டும் புரிந்தால் போதும்.

அடுத்து ஃபிரான்சிஸ் ஓ'நீல். கார்க் மாவட்டத்தில் பிறந்து சிகாகோவில் காவல்துறைத் தலைவராக இருந்தவர். அவருடைய 1903 தொகுப்பில் 1850 மெட்டுகள் உள்ளன. அவற்றில் 415 டபுள் ஜிக், 60 ஸ்லிப் ஜிக். 1907-இல் 1001 நடன மெட்டுகள் கொண்ட நூல் வந்தது. அது பெரும்பகுதி முந்தையதிலிருந்தே எடுத்தது என்பதால், இரண்டிலும் இருந்தால் இரண்டு சாட்சி என்று கணக்குப் போடாதீர்கள். 1903 பதிப்பில் பல மெட்டுகளின் அருகே ஒரு பெயர் இருக்கும். அது பாடம் கொடுத்த வாசிப்பாளரின் பெயர். இயற்றியவர் என்று எடுத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு.

1855-க்கு முந்தைய காலத்துக்கு ஒரே ஒரு பெரிய கருவி போதும். அலாய்ஸ் ஃப்ளைஷ்மன் ஏறக்குறைய 1600 முதல் 1855 வரையிலான ஐரிஷ் மெட்டு மூலங்களைக் கால வரிசையில் அடுக்கிய இரண்டு பெருந்தொகுதிகள் 1998-இல் வெளிவந்தன. கிட்டத்தட்ட ஏழாயிரம் மெட்டுகள். விலை அதிகம். பல்கலைக்கழக நூலகத்தில் பார்ப்பதே வழி. போகும்போது உங்கள் எண் வரிசைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள், பெயரை வைத்து மட்டும் அதில் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

இவை இரண்டுக்கும் நடுவே, 1855 முதல் 1903 வரை, ஒரு பள்ளம் இருக்கிறது. புதியவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். லீவி 1858-இலும் 1873-இலும் வெளியிட்ட நடன இசைத் தொகுப்புகள், ஜாய்ஸின் 1873 நூல், பாஸ்டனில் 1883-இல் வந்த ரயனின் பெருந்தொகுப்பு ஆகியவற்றை இந்தக் காலத்துக்குப் பாருங்கள். ரயன் தொகுப்பு அமெரிக்க மேடைக் கலைஞர்களின் மெட்டுகளையும் கலந்து தருவது. அங்கே கிடைத்தால் 'ஐரிஷ்' என்ற முத்திரையைச் சற்று ஒத்திவைக்க வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டு சேகரிப்பாளர் பெட்ரியின் தொகுப்பைத் தேடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 1582 மெட்டுகள் கொண்ட பெரிய பதிப்பை ஸ்டான்ஃபர்ட் 1902 முதல் 1905 வரை வெளியிட்டார். பெட்ரி இறந்தது 1866-இல். அச்சான ஆண்டை எழுதினால் மெட்டு நாற்பது ஆண்டு இளமையாகிவிடும். சேகரித்த ஆண்டு, அச்சான ஆண்டு இரண்டையும் எழுதுங்கள். பன்டிங்கின் 1796, 1809, 1840 தொகுப்புகள் ஹார்ப் இசையைச் சார்ந்தவை. ஜிக் தேடுபவர் முதலில் போக வேண்டிய இடம் அல்ல.

7. கையெழுத்துச் சுவடிகளை விட்டுவிடாதீர்கள்

அச்சுக்கு வராதது நிறைய. 1860-களில் பாதிரியார் ஜேம்ஸ் குட்மன், கெர்ரியை உள்ளடக்கிய தென் அயர்லாந்தின் மன்ஸ்டர் மாகாணப் பைப்பர்களிடமிருந்து எழுதிய சுவடிகள் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ளன. கெர்ரி வழி வந்த மெட்டு என்றால் இங்கே பார்ப்பது கட்டாயம். மாரிசன்ஸ் ஜிக் தேடுபவர் ஸ்லைகோவில் சுற்றிக்கொண்டிருந்தால் இந்தச் சுவடி நினைவுக்கே வராது. படி 2-ஐ முதலில் முடிக்கச் சொன்னதன் பயன் இங்கே தெரியும்.

கெர்ரி, கார்க் எல்லையிலுள்ள ஷ்லீவ் லோக்ரா பகுதியின் ஃபிடில் ஆசிரியர் போத்ரிக் ஓ'கீஃப் (1887–1963) மாணவர்களுக்கு எழுதிக் கொடுத்த தாள்களும் பெரிய புதையல். அவர் ஃபிடிலுக்கு வழக்கமான இசைக்குறியைப் பயன்படுத்தவில்லை. கோடுகளுக்கு நடுவே உள்ள நான்கு இடைவெளிகள் நான்கு தந்திகள், அவற்றில் எழுதிய எண்கள் விரல்கள், வெறுந்தந்திக்கு 0. இது தெரியாமல் பார்த்தால் கணக்குத் தாள் போலிருக்கும்.

1987-இல் தொடங்கிய டப்ளின் ஐரிஷ் மரபிசை ஆவணகம் பல சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தளத்தில் தேடிப் பார்த்த பிறகே ஆவணகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். எழுதும்போது எலும்பு வரிசை, அதுவரை கிடைத்த பெயர்கள், பார்த்துவிட்ட நூல்கள் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். 'இந்த ஜிக் எங்கிருந்து வந்தது?' என்ற ஒற்றை வரிக் கேள்விக்கு எந்த ஆவணக்காரரும் பயனுள்ள பதில் தர முடியாது.

8. கடலுக்கு அப்பாலும் பாருங்கள்

அயர்லாந்தில் வாசிக்கும் ஜிக் எல்லாம் அங்கே பிறந்ததல்ல. 'ஹேஸ்ட் டு தி வெட்டிங்' இதற்கு நல்ல சான்று. 1767-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடந்த 'தி எலோப்மென்ட்' என்ற மேடைக் கூத்தில் இது பாட்டாக வந்தது. பிறகு நாட்டிய மெட்டாகப் பரவி, ஐரிஷ் தொகுப்புகளிலும் இடம்பிடித்தது. எனவே ஸ்காட்லாந்து, இங்கிலாந்து நடன நூல்களையும் நாடகப் பாடல்களையும் ஒரு சுற்று பாருங்கள். பாட்டு, அணிவகுப்பு வடிவங்களும் கணக்கில் சேரும்.

இங்கேதான் அதிகப்படியான உற்சாகம் வரும். 'ஐரிஷ் வாஷர்வுமன்' ஜிக்கை 1651-இல் லண்டன் பதிப்பாளர் பிளேஃபோர்ட் அச்சிட்ட 'டார்கசன்' மெட்டோடு இணைப்பவர்கள் உண்டு. சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 6/8-இல் இரண்டு இசைவுகளுக்கிடையே (chord) ஊசலாடும் மெட்டுகள் எல்லாமே ஒன்றுக்கொன்று சாயல் கொண்டவைதான். எலும்பு வரிசை ஒரு பகுதி முழுவதும், அதாவது எட்டு அளவும் பொருந்தி, இடைக்காலத்தில் ஒரு சாட்சியாவது இருந்தால் 'வழிவந்தது' என்று சொல்லலாம். இல்லையென்றால் 'ஒத்திருக்கிறது' என்பதோடு நிறுத்துங்கள்.

9. இயற்றியவர் உண்டா என்று கேளுங்கள்

'மரபு மெட்டு' என்று தட்டில் போட்டிருப்பதற்கு, பதிவுசெய்தவருக்குப் பெயர் தெரியவில்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை. 'மிஸ்ட் கவர்ட் மவுண்டன்' ஜிக்கைப் பலர் பழமையானது என்று நினைக்கிறார்கள். அதை அமைத்தவர் கிளேர் மாவட்ட ஃபிடில் கலைஞர் ஜூனியர் க்ரீஹன். ஒரு ஸ்காட்டிஷ் கேலிக் பாடலின் மெட்டிலிருந்து எடுத்து ஜிக்காக்கினார். 'பட்டர்ஃபிளை' ஸ்லிப் ஜிக் டப்ளின்காரர் டாமி பாட்ஸின் பெயரில் நிற்கிறது. அவரும் பழைய மெட்டுத் துண்டுகளை எடுத்துக் கையாண்டவர்தான். ஆக, 'இயற்றப்பட்டது', 'மரபு' என்ற இரண்டு கட்டம் போதாது. 'பழையதை வைத்து அமைத்தது' என்று மூன்றாவது கட்டம் போடுங்கள்.

பதிவுசெய்து வெளியிடப் போகிறவர்களுக்கு இது உரிமைச் சிக்கலும்கூட. அயர்லாந்தில் பதிப்புரிமை இயற்றியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். க்ரீஹன் 1998-இல் இறந்தார், பாட்ஸ் 1988-இல். அப்படிப்பட்ட மெட்டை 'மரபு' என்று பதிவுசெய்தால் உரியவர்களின் பங்கு போய்ச் சேராது.

10. கண்டதை எழுதி வைக்கும் முறை

ஒரே வரியில் முடிவு எழுத வேண்டாம். நான்கு வரிகளாகப் பிரியுங்கள்: இயற்றியவர், இதுவரை கண்ட மிகப் பழைய ஆவணம், அதற்கு முந்தைய வாய்மொழிச் செய்தி, நான் கற்ற பாடம். மாரிசன்ஸ் ஜிக்குக்கு, முதல் மூன்று படிகளை மட்டும் முடித்திருந்தால், இப்படி வரும்:

இயற்றியவர்: பதிவு இல்லை.
பழைய ஆவணம்: ஜேம்ஸ் மாரிசனின் இசைத்தட்டு, 1936, 'மாரிஸ் கார்மடியின் விருப்பமெட்டு' என்ற தலைப்பில்.
அதற்கு முந்தையது: கெர்ரி, கார்மடி குடும்பம், வாய்மொழிச் செய்தி.
என் பாடம்: இன்னாரிடம், இந்த ஆண்டு, இந்த ஊரில்.

'முதன்முதலில்' என்று எழுதாமல் 'இதுவரை கண்டதில் பழையது' என்று எழுதுங்கள். நாளை ஒரு சுவடி இணையத்துக்கு வந்தால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும். எந்தெந்த நூல்களில் தேடியும் கிடைக்கவில்லை என்பதையும், தேடிய தேதியையும் கீழே சேருங்கள். அடுத்து தேடுபவர் அதே ஓ'நீலை மறுபடி முதலிலிருந்து புரட்ட வேண்டியதில்லை, நேரே குட்மனுக்குப் போய்விடலாம்.